எட்டாம் நம்பர் கிளிமீன்

வேம்புலியம்மாள் அவனை முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு மீனின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஆவடி மீன் மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் மீனைத் தொட்டுப் பார்ப்பது புதிதல்ல. செவுளைத் தூக்குவார்கள், வயிற்றை அமுக்குவார்கள், கண் கலங்கியிருக்கிறதா என்று குனிவார்கள். கன்னத்தை யாரும் தடவுவதில்லை. இவனோ இருதயராஜின் கடைப் பலகைமேல் பாதி உடம்பைச் சாய்த்து, பச்சையும் நீலமுமாகக் கிடந்த ஒரு கிளிமீனின் கண்ணுக்குக் கீழே சுண்டு விரலை வைத்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.

"இன்னா நைனா, கொஞ்சிகினு கீறியா? வாங்கப் போறியா, கட்டிக்கப் போறியா?" என்று தன் இடத்திலிருந்தே குரல் விட்டாள்.

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். விரலில் இருந்த மீன் பிசுக்கு கண்ணாடியில் ஏறிக்கொண்டது.

"எண்ணிக்கிட்டு இருக்கேங்க்கா."

"இன்னாத்த?"

"செதிலை."

இருதயராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "காலங்காத்தால எனக்குன்னு வந்து சேர்றாங்க பாரு. இன்னிக்கு செதில எண்ணுறாரு, நாளைக்கு முள்ள எண்ண வருவாரு. மீன் டாக்டரே, எடுத்தா எடு, இல்லாட்டி நவுரு."

அவன் எடுத்தான். ஒரே ஒரு மீன். இருதயராஜிடம் மீன் வாங்குகிறவர்கள் பக்கத்திலிருக்கும் மூன்று வெட்டுக்கட்டைகளில் ஒன்றில் கொடுத்து, செதில் சீவி ஆய்ந்து வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்றாவது கட்டை வேம்புலியுடையது. பழக்கத்தில் அவள் கையை நீட்டினாள். அவன் மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினான்.

"வேண்டாங்க்கா. அப்படியே வேணும்."

அவன் பெயர் ஜெகதீஷ். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர். கடலை முதலில் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். அப்படிப்பட்டவன் எம்.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்து, சென்னையின் மேற்குப் புறத்து மார்க்கெட்டுகளுக்கு என்னென்ன கிளிமீன் வருகிறது என்று ஆய்வு செய்துகொண்டிருந்தான். கிளியின் மூக்கு மாதிரிப் பல்லும், விரல் நகம் அளவுக்குச் செதிலும் உள்ள மீன் அது. தெற்கே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து எப்போதாவது ஒரு பெட்டி வரும். இருதயராஜ் அதை நிறத்தை வைத்துப் பிரித்து, பச்சைக்கிளி, செங்கிளி, மஞ்சக்கிளி என்று பெயர் சொல்லி விற்பான்.

"நிறத்தை நம்ப முடியாதுங்க்கா" என்றான் ஜெகதீஷ். "சின்னதுல ஒரு நிறம், பெருசானா வேற நிறம். இதுல பொண்ணா இருக்கறது பெருசாகி ஆணா மாறும். மாறும்போது நிறமும் மாறிடும்."

வேம்புலி கத்தியை நிறுத்தினாள். "ஆம்பளயா மாறிடுமா?"

"ஆமாங்க்கா."

"அப்பால? மீன் ஆயற வேலைய உட்டுட்டு அதுவும் டீக்கடையில போய் குந்திக்குமா?"

பக்கத்துக் கட்டைக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஜெகதீஷும் சிரித்தான். பிறகு தன் மீனைத் திருப்பி அவளுக்குக் காட்டினான். தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் நடுவே, பிடரியில், ஒற்றை வரிசையாகச் செதில்கள். சில வகையில் நாலு இருக்கும், சில வகையில் ஆறு. கண்ணுக்குக் கீழே கன்னத்தில் சிலதுக்கு இரண்டு வரிசை, சிலதுக்கு மூன்று. நிறம் எப்படி மாறினாலும் அந்த எண்ணிக்கை மாறாது.

"அதாவது, துணி கலரு எதுவா இருந்தாலும் பட்டனு அத்தினிதான்ற" என்றாள் வேம்புலி.

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வகுப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லையாம்.

பட்டன் என்று அவள் வாயில் வந்தது சும்மா இல்லை. வேம்புலி முத்தாபுதுப்பேட்டையில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். நிலமெல்லாம் மனையானதும் அப்பா ஆவடியில் ஒப்பந்தக் கூலியாகப் போனார். வேம்புலி எட்டாவதோடு நின்று, பதினேழு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்குப் போனாள். நூல் வெட்டுகிற வேலையில் சேர்ந்தவள் நாலே வருஷத்தில் செக்கராகிவிட்டாள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கண்ணாலேயே சொல்லுவாள். பத்தா, பதினொன்றா என்று சூப்பர்வைசர் அளவுகோல் வைத்துப் பார்த்துத் தோற்றுப்போவான். பத்து வருஷம் அந்த வேலை. பிறகு ஒரு நாள் அது போய்விட்டது. கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று கணவன் கஜபதியிடம் சொன்னாள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். "சரி உடு" என்றான். அடுத்த வருஷம் இருதயராஜின் கடைப் பக்கம் மூன்றாவது கட்டை காலியானது. அதில் உட்கார்ந்தவள்தான், பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஜெகதீஷ் ஞாயிறும் புதனும் வர ஆரம்பித்தான். பெரும்பாலும் கிளிமீன் இருக்காது. இருந்தாலும் ஒன்று இரண்டு, அதுவும் நசுங்கியது. ஆய்வை வழிநடத்தும் பவித்ரா மேடம், ஒரே பெட்டியில் வந்த பத்து மீனாவது வேண்டும், பத்துக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தார். மீன் இல்லாத நாளிலும் அவன் உடனே போய்விட மாட்டான். வேம்புலியின் கட்டைக்குப் பக்கத்தில் குந்திப் பேசிக்கொண்டிருப்பான்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். அவர்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். பி.எஸ்சி. பட்டச் சான்றிதழ் வந்த அன்று அப்பா அதை வாங்கிப் பார்த்து, கசங்கக்கூடாது என்று சங்கராபுரம் வரை பஸ் ஏறிப் போய் அசலையே லேமினேஷன் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். அசலை அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எம்.எஸ்சி. சேரப் போனபோது அலுவலகத்தில் பெரிய ரகளை. அப்பாவிடம் அவன் இதுவரை சொல்லவில்லை.

"சொல்லாத" என்றாள் வேம்புலி. வேறு எதற்கென்றாலும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள். இதற்கு வைக்கவில்லை.

நாலு மாதம் இப்படிப் போனது. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருதயராஜின் பெட்டி திறந்தபோது உள்ளே பத்துக் கிளிமீன்கள். ஒன்றுகூட நசுங்கவில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் வரி போட்டது, சாம்பல் நிறத்தது. ஆய்வை ஒப்படைக்க இன்னும் பன்னிரண்டே நாள் இருந்தது. ஜெகதீஷ் பத்தையும் வாங்கி ஒரு நீல டப்பில் அடுக்கினான்.

"அக்கா, ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் வாங்கிட்டு ஓடி வந்துடறேன். இதைத் தொட்டுடாதீங்க."

"போப்பா. என் புள்ள மாதிரி பாத்துக்கறேன்."

டப்பை அவள் வலப்பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

அங்கேதான் தப்பு நடந்தது. வெட்டுக்கட்டையில் ஒரு முறை உண்டு. வலப்பக்கம் வருவது ஆய வேண்டியது, ஆய்ந்து முடித்தது இடப்பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேம்புலி மீனைப் பார்ப்பதில்லை. கை வலது பக்கம் போகும், எடுக்கும், சீவும். அன்றைக்கு நூம்பல் ஃபிளாட்டிலிருந்து வந்த ஒரு பெண், வஞ்சிரத்தைத் துண்டு போட்டது தடிமன் என்று சண்டைக்கு நின்றாள். "மா, நீ இன்னா பேப்பர் மாதிரி கேக்கறே? கரண்டி போட்டா ஒடஞ்சிடும் மா" என்று வேம்புலி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் அந்தப் பெண்ணிடம், கண் அந்தப் பெண்ணிடம். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

பெரிய செதில் ஒன்று தெறித்து அவள் உதட்டில் ஒட்டியது. எடுத்துப் பார்த்தாள். நகம் அளவு இருந்தது.

குனிந்தாள். எட்டு மீன் இடப்பக்கத்தில் வழுவழுவென்று கிடந்தது. வலப்பக்கத்து நீல டப்பில் இரண்டே மிச்சம்.

ஜெகதீஷ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பார்த்தான். பெட்டியை இறக்கினான். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பரவாயில்லக்கா" என்றான்.

திட்டியிருந்தால்கூட வேம்புலி தாங்கியிருப்பாள்.

"செதிலு பூட்ச்சின்னா இன்னாபா, தோ கீழதான் கீது, பொறுக்கி ஒட்டு" என்று இருதயராஜ் விளையாட்டாகச் சொல்லப்போய், அவன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இனிமே பெட்டி வர்றது கஷ்டம், தம்பி. அப்பால சித்திரையில மீன்பிடித் தடை வந்துரும். ஆனிக்கு மேலதான்."

ஆனிக்கு மேல் வந்து என்ன பயன்? இந்த மீன் இல்லையென்றால் இந்த வருஷம் பட்டம் இல்லை. அடுத்த வருஷத்துக்கு ஹாஸ்டல் இல்லை, உதவித்தொகை இல்லை. நாலு மாதமாக அவன் சொன்னதெல்லாம் வேம்புலிக்குத் தெரியும்.

"இந்தாம்மா, ரெண்டாவது கட்டைக்குப் போங்க எல்லாரும்" என்று வரிசையைக் கலைத்தாள். எட்டு மீனையும் அள்ளிக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமலே கழுவினாள். ஒரு மீனைத் துணியால் ஒற்றி வெயிலில் திருப்பியபோது அதன் தோலில் வலை வலையாகக் கோடு தெரிந்தது.

வேம்புலி அப்படியே நின்றாள்.

கம்பெனியில் தையல் கோணலாகிவிட்டால் பிரித்துத் தைப்பார்கள். பிரித்தது தெரியாமல் தேய்த்து அனுப்பிவிடுவார்கள். வேம்புலி மட்டும் கண்டுபிடித்துவிடுவாள். நூலை உருவினாலும் துணியில் ஊசி போன ஓட்டை இருக்கும். அதன்மேல் சாக்பீஸ் தூளை லேசாகத் தேய்த்தால் ஓட்டை வரிசையாக நிற்கும்.

சாக்பீஸுக்கு எங்கே போவது? கட்டைக்கு அடியில் மஞ்சள்தூள் டப்பா இருந்தது. மஞ்சள் தடவித் தரச்சொல்லிக் கேட்கிறவர்களுக்காக வைத்திருப்பது. ஒரு சிட்டிகை எடுத்து மீனின் பிடரியில் தேய்த்து, ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தாள். தோலிலிருந்து மஞ்சள் போனது. செதில் இருந்த குழிகளின் ஓரத்தில் மட்டும் நின்றது.

"ஜெகா! எய்ந்து வா. எண்ணு."

அவன் குனிந்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டத்தில் குனிந்தான். "ஆறு" என்றான். கன்னத்தைத் திருப்பினான். "மூணு வரிசை." அவன் காது சிவந்துவிட்டது. "அக்கா, குழியும் செதிலும் ஒரே எண்ணிக்கைதானான்னு சோதிச்சுப் பாக்கணும். செதிலோட இருக்கறதுல ஒண்ணை எண்ணிட்டு, அப்புறம் சீவிட்டு, குழியை எண்ணணும்."

"இருக்கறதே ரெண்டு. அதுல ஒண்ணையும் சீவச் சொல்றியா? என் கையால வோணாம் சாமி."

"உங்க கையாலதான் வேணும். மத்தத அதே கைதானே சீவிச்சு?"

எண்ணினார்கள்: பிடரியில் ஆறு, கன்னத்தில் மூன்று வரிசை. வேம்புலி சீவினாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மீனை இவ்வளவு பயந்து சீவியதில்லை. மஞ்சள் தேய்த்தாள். ஆறு, மூன்று வரிசை.

பிறகு பத்துக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை நூலில் நம்பர் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு தடவை, வாய்விட்டுச் சொல்லாமல், தனித்தனியாக எண்ணி, காலண்டர் தாளின் பின்புறம் தனித்தனியாக எழுதினார்கள். துணிக் கம்பெனியில் இரண்டு செக்கர்கள் செய்வதும் அதுதான். இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு நம்பர்கூடப் பிசகவில்லை. இருதயராஜ் நிறத்துக்கொரு பெயர் வைத்து விற்ற மீன்கள் இரண்டே வகை. பச்சைக்கிளியும் செங்கிளியும் ஒன்றேதான்.

"அடப்பாவி, இத்தினி நாளா ஒரே மீனுக்கு ரெண்டு பேரு சொல்லிகினு இருந்தேனா?" என்றான் இருதயராஜ். "பரவால்ல, நாளைக்கும் அப்பிடித்தான் சொல்லுவேன்."

எட்டாம் நம்பர் மீனில்தான் சிக்கல். வேம்புலியின் இரும்புச் சீவி பிடரித் தோலைக் கிழித்திருந்தது. நாலு குழிவரை தெரிந்தது. அதற்கு மேல் தோலே இல்லை. கன்னத்தில் மூன்று வரிசை இருந்தது.

ஜெகதீஷ் பேனாவை எடுத்தான். "மூணு வரிசை இருக்கறதுக்கெல்லாம் ஆறுதான் வந்திருக்கு. இதுக்கும் ஆறாத்தான் இருக்கும். ஆறுன்னே போட்டுடறேன். இல்லன்னா ஒம்பதுதான் ஆகும்."

வேம்புலி அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்தியா ஆறு?"

"இல்லக்கா, ஆனா..."

"பாக்காத போடாத." கை ஈரத்தைப் புடவையில் துடைத்தாள். "நான் இன்னாத்துக்கு கம்பெனில இருந்து நின்னேன் தெரியுமா? ஆள் கொறைக்கல. லாரி நிக்குது, சீக்கிரம் சீக்கிரம்னு ஆளாளுக்குக் கத்தறான். கடைசிக் கட்டு நாப்பது சட்டை. முன்னாடி வந்ததெல்லாம் நல்லாத்தான் கீது, இதுவும் நல்லாத்தான் இருக்கும்னு பிரிக்காமயே கையெய்த்துப் போட்டேன். அத்தினி சட்டையிலயும் கை மட்டும் வேற கலரு. வெளிநாடு போய்த் திரும்பி வந்துச்சி, என் கையெய்த்தோட. பத்து வருசம் ஒரு தப்பு பண்ணாதவ. அன்னிக்கே கேட்டுக்கு வெளிய உட்டாங்க. என் ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது இது."

ஜெகதீஷ் பேனாவை மூடினான். எட்டாம் நம்பருக்கு நேராகக் கோடு போட்டு, 'பிடரித் தோல் கிழிந்தது, எண்ண இயலவில்லை' என்று எழுதினான்.

புதன்கிழமை வந்தான். பவித்ரா மேடம் குழி எண்ணியதை ஒப்புக்கொண்டார். செதில் உதிர்ந்த மீனுக்கு அப்படி எண்ணும் வழக்கம் ஏற்கெனவே உண்டாம். தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்துச் சரி என்றாராம். ஆனால் ஒன்பது ஒன்பதுதான். அதே பெட்டியின் மீன் இன்னும் ஒன்று வேண்டும்.

"அந்தப் பெட்டி மீனுக்கு எங்கக்கா போறது?" என்றான். அழவில்லை. அழுதுவிட்டு வந்த முகமாக இருந்தது.

வேம்புலி இருதயராஜைத் துருவினாள். அந்தச் சரக்கு காசிமேட்டு வியாபாரி ஒருவனிடம் வந்தது. ஒரு பெட்டிதான் வந்தது. அதில் பதினோரு மீன். வியாபாரி ஒன்றைத் தன் வீட்டுக்கென்று எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுவைத்தான். விரதம் வந்துவிட்டதால் இன்னும் சமைக்கவில்லை என்று போனில் சொன்னான்.

"யாரும் அத்தத் தொடக்கூடாதுன்னு சொல்லு" என்றாள்.

மறுநாள் விடியற்காலை கஜபதியின் லோடு ஆட்டோவில் ஏறிக் காசிமேட்டுக்குப் போனாள். வெட்டுக்கட்டையில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு மீனுக்காக அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சிவப்பு நிறம், செதில் ஒன்றுகூட உதிரவில்லை. ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் போடு என்று கஜபதி சொன்னதற்குக் கேட்கவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"நம்ம புள்ளையக்கூட நீ இப்பிடித் தூக்கினது இல்லடி" என்றான் கஜபதி. "ஒரு மீனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

பாடி மேம்பாலம் ஏறும்போது சொல்ல ஆரம்பித்தாள். அந்த எட்டு மீன், கிழிந்த தோல், நாற்பது சட்டை, கையெழுத்து, எல்லாவற்றையும். அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டும்போது முடித்தாள். கஜபதி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்டி" என்றான். "அப்பவே தெரியும். திரும்பி வந்த அந்தச் சட்டை மூட்டைய ஏத்தி எறக்கினதே என் வண்டிதான். நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

"பதிமூணு வருசமாவா?"

"அவசரம் இன்னா?"

வேம்புலி அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். மீன் மடியில் நழுவப்போனது. இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். "டேய், ரோட்டைப் பாரு" என்று பின்னால் வந்த பஸ்காரன் கத்தினான்.

அந்த மீனுக்குப் பிடரியில் ஆறு, கன்னத்தில் மூன்று வரிசை. ஜெகதீஷ் குறித்த நாளில் ஆய்வை ஒப்படைத்தான். அட்டவணையில் 'எண்ணியவர்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் மற்ற ஒவ்வொரு மீனுக்கும் நேராக இரண்டு பெயர்கள், ஜெகதீஷ், வேம்புலி என்று இருக்கின்றன. எட்டாம் வரிசை வெறுமையாகவே இருக்கிறது. அச்சிட்டுக் கட்டிய பிரதி ஒன்றை வேம்புலியிடம் கொண்டுவந்து கொடுத்தபோது, அவள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடினாள். தன் பெயரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தயும் உங்கப்பா கிட்ட குடுத்துடாத. லேமினேசன் போட்டுடுவாரு."

ஜெகதீஷ் இப்போது மண்டபம் பக்கத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருக்கிறான். வேம்புலியம்மாள் ஆவடி மார்க்கெட்டில் அதே மூன்றாவது கட்டையில் மீன் ஆய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கூட்டம் இருந்தாலும், வலப்பக்கத்திலிருந்து டப்பை எடுக்கும்போது, "செதிலு எடுக்கணுமா, வோணாமா?" என்று கேட்ட பிறகுதான் சீவியைத் தொடுகிறாள்.